பாதி வெட்டு

அந்த அலுவலகத்தில் ஒரு வேலைக்கு எத்தனை வாரம் பிடிக்கும் என்று கேட்டால், உண்மையான பதில் யார் வாயிலிருந்தும் வராது. அதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்தான், வீட்டில் குழந்தை பொய் சொன்னால் காதைத் திருகுகிறவர்கள்தான். ஆனால் கண்ணாடி அறைக்குள் கத்திரி உட்கார்ந்திருந்தார்.

கத்திரி என்பது மேலாளருக்கு டீம் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் பாதியாக வெட்டுவார். எட்டு வாரம் என்றால் நாலு, நாலு என்றால் இரண்டு. வேலை என்ன, அதில் எவ்வளவு சிக்கல், யார் செய்யப்போகிறார்கள், ஒன்றும் கேட்கமாட்டார். பேனா மூடியைத் திறப்பார், எண்ணைக் கேட்பார், வெட்டிய எண்ணை வெள்ளைப் பலகையில் எழுதுவார். யாராவது முணுமுணுத்தால் "நானும் புரோகிராம் எழுதினவன்தான்" என்பார். எழுதி எவ்வளவு காலம் ஆயிற்று என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அவர் வெட்ட வெட்ட, டீம் வளர்க்கக் கற்றுக்கொண்டது. இரண்டு வார வேலையை நாலு என்று சொல்வார்கள். அவர் இரண்டாக வெட்டுவார். இரண்டு வாரத்தில் வேலை முடியும். கிளையண்ட் மகிழ்வார், கத்திரி மார்தட்டுவார், எல்லாருக்கும் கேக் வரும். சொன்ன தேதியில் முடிக்கும் டீம் என்று தலைமை அலுவலகம் கொடுத்த கேடயம் வாசலை ஒட்டிய கண்ணாடி அலமாரியில் பளபளத்துக்கொண்டிருந்தது. திட்டங்களை வெற்றிகரமாக நடத்துவது எப்படி என்று வேறு கிளைகளுக்குப் போய் கத்திரி வகுப்பெடுத்துவிட்டு வந்ததும் உண்டு. என்னத்தைச் சொல்லியிருப்பாரோ.

இந்த வழக்கம் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. புதிதாக ஒருவர் சேர்ந்தால், அவருக்கு முன்னால் கடைசியாகச் சேர்ந்தவர் அவரைத் தண்ணீர் மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "உங்களுக்கு எவ்வளவு தோணுதோ அதை ரெண்டால பெருக்கிச் சொல்லுங்க" என்று காதைக் கடிப்பார். பயிற்சி அவ்வளவுதான்.

டீம் லீடின் பெயர் மிளகாய். கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மிளகாய். அவளுக்கும் அது தெரியும். பச்சையா காய்ந்ததா என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று ஒருநாள் அவளே கேட்டு எல்லாரையும் திகைக்கவைத்திருக்கிறாள். வேலையில் கெட்டிக்காரி. அநியாயம் என்று பட்டுவிட்டால் எதிரே நிற்பது யார் என்று பார்க்கமாட்டாள். ஆனால் இந்த இரட்டிப்பு மட்டும் அவளுக்கு அநியாயமாகப் பட்டதே இல்லை. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் பெரியக்கா வந்து சேர்ந்தார். லீடை விடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்ற பட்டம் ஏற்கெனவே போய்விட்டதால் இவர் பெரியக்கா ஆனார். ஒரு காலத்தில் நல்ல வேலையில் இருந்தவர். மாமனார் பக்கவாதத்தில் படுத்ததும் வேலையை விட்டவர், அவர் கண்ணை மூடும்வரை பன்னிரண்டு வருஷம் வீட்டை விட்டு நகரவில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கம்ப்யூட்டர் உலகம் தலைகீழாகிவிட்டது. மறுபடியும் உட்கார்ந்து படித்து, பிள்ளைகள் வயதுக்காரர்களோடு தேர்வு எழுதி, இந்த வேலையை வாங்கியிருந்தார்.

அலுவலகத்தில் ஆறு மாதம் ப்ரொபேஷன். வீட்டிலும் அப்படியே ஒன்று இருந்தது. "ஆறு மாசம் போய்ப் பாரு. அவங்களே உன்னை வேண்டாம்னு அனுப்பிட்டா, அதுக்கப்புறம் வேலைங்கற பேச்சையே எடுக்கக் கூடாது" என்று நாத்தனார் ஒப்பந்தம் பேச, கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டியிருந்தார். இதைப் பெரியக்கா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு ரெண்டு இடத்துலயும் ப்ரொபேஷன்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மிளகாய் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நாத்தனாரை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் சில மாதங்கள் மற்றவர்களுக்கு உதவியாகச் சின்னச் சின்ன வேலைகள்தான். அதனால் பெரியக்கா வாயிலிருந்து எண் எதுவும் வரவேண்டியிருக்கவில்லை. பிறகு கண் மருத்துவமனை வேலை வந்தது. நகரம் முழுக்கக் கிளைகள் உள்ள மருத்துவமனை. ஒவ்வொரு கிளையும் தன் நோயாளிகளின் விவரத்தைத் தனித்தனியாக வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே மனிதர் மூன்று கிளைகளில் மூன்று ஆளாக இருப்பார், அவரை ஒருவராகச் சேர்க்க வேண்டும். தவறான இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் ஒருவருக்குச் செய்யவேண்டிய ஆபரேஷன் இன்னொருவர் பேரில் போய் நிற்கும். அந்தப் பகுதி பெரியக்கா தலையில் விழுந்தது.

கணக்குச் சொல்லும் மீட்டிங்குக்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். அந்த டீமில் அதுவரை யாரும் செய்யாத காரியம். பழைய விவரங்களை வாங்கித் திறந்து பார்த்தார். எவ்வளவு குப்பை, எவ்வளவு நேராகச் சேரும், எவ்வளவு கையால் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒழுங்காகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மீட்டிங்கில் வந்து உட்கார்ந்தார்.

"ஆறு வாரம் ஆகும் சார்" என்றார்.

கத்திரி பலகையில் மூன்று என்று எழுதினார்.

பெரியக்கா வாயைத் திறந்தார். அதற்குள் அவர் அடுத்தவரிடம் போய்விட்டார். பெரியக்கா திரும்பி மிளகாயைப் பார்த்தார். மிளகாய் புன்னகைத்துத் தலையை அசைத்தாள். அவள் சொன்னது, வழக்கம் பழகிவிட்டீர்கள், சபாஷ் என்று. பெரியக்கா எடுத்துக்கொண்டது, நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் ஆறு என்று காதில் விழுந்தது. எல்லார் மனதிலும் மூன்று என்றுதான் பதிந்தது.

முதல் வாரம் போயிற்று. இரண்டாவது வாரம் பெரியக்கா காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவதும், மேசையிலேயே சாப்பிடுவதும், கண் சிவந்திருப்பதும் தெரிந்தது. வேலை பாதிகூட நகரவில்லை. டீமில் டெஸ்ட் செய்கிற பெண்ணுக்குக் கல்பொறுக்கி என்று பெயர், எந்தப் புரோகிராமிலும் கல்லைக் கண்டுபிடித்துவிடுவாள். அவள் வந்து மிளகாயிடம், எனக்கு இன்னும் டெஸ்ட் பண்ண ஒன்றுமே வரவில்லை என்று புகார் சொன்னாள்.

மிளகாய்க்குச் சுருக்கென்று ஏறியது. மூன்று வார வேலைக்கு இத்தனை இழுவையா? வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமலிருந்தது தப்பாகிவிட்டதோ என்று நினைத்தாள். அந்தக் கோபத்தோடு நேரே பெரியக்கா மேசைக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி, வேலை தெரியவில்லை என்றால் முதல் நாளே கையைத் தூக்கியிருக்கலாமே, இப்போது கிளையண்டிடம் நான் என்ன சொல்ல என்று கேட்டாள். ஒன்றுக்குப் பத்தாகப் பேசினாள். பெரியக்கா தலையைத் தூக்கவில்லை. ஒரு கையை கீபோர்டு மேலேயே வைத்திருந்தார், எடுத்தால் வேலையை விட்டதாகிவிடும் என்பதுபோல.

சாயங்காலம் டீ மெஷின் அறையில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். மிளகாய்க்குக் காலையில் பேசியது உறுத்திக்கொண்டிருந்தது. சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் கத்தினது தப்புதான். ஆனா மூணு வார வேலைக்கு எவ்வளவு நாள்தான் காத்திருக்கறது?"

"நான் ஆறு வாரம்னுதானேம்மா சொன்னேன்" என்றார் பெரியக்கா.

"ஆமா. ஆறுன்னா மூணுதானே?"

பெரியக்கா அவளை விநோதமாகப் பார்த்தார். "ஆறுன்னா ஆறும்மா" என்றார்.

மிளகாய்க்குக் கையிலிருந்த டீ ஆறியது தெரியவில்லை. உங்களைத் தண்ணீர் மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போய் யாரும் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டாள். தண்ணீர் மெஷினில் என்ன என்று பெரியக்கா கேட்டார். அதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு சூதும் இல்லை. அந்தக் கள்ளமில்லாத முகத்தைப் பார்க்க மிளகாய்க்கு இன்னும் ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முதலில் அகப்பட்டவன் மாப்பிள்ளை. புதிதாகக் கல்யாணம் ஆனவன், பெரியக்காவுக்கு முன்னால் கடைசியாகச் சேர்ந்தவன், காதைக் கடிக்க வேண்டிய பொறுப்பு அவனுடையது. மாடிப்படியில் அவனை மடக்கி ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் கழுத்தைச் சொறிந்தான். அம்மா வயதுக்காரரிடம் போய்ப் பொய் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது, வாய் வரவில்லை என்றான். பொய் என்று அவன் சொன்னதுதான் மிளகாயைச் சுட்டது. அந்த டீமில் அந்த வழக்கத்தை அந்தப் பெயரால் யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. வாயை மூடு என்று அவன் மேல் எரிந்துவிழுந்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

மிளகாய் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். கீழே அண்ணனுடைய தையல் கடை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, முதலில் உட்கார், அப்புறம் யாரைக் கொல்லலாம் என்று யோசிக்கலாம் என்றாள். மிளகாய் எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே கேட்டான்.

கேட்டுவிட்டு, இதிலென்ன அதிசயம் என்றான். கல்யாணத்துக்குத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் யாரும் அவனிடம் சரியான தேதி சொல்வதில்லையாம். ஒரு வாரம் முன்னால் தள்ளித்தான் சொல்வார்களாம், தையற்காரன் எப்படியும் இழுப்பான் என்று. அவனும் அவர்கள் சொன்ன தேதியில் ஒரு வாரம் கூட்டித்தான் வேலையையே எடுப்பானாம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்ததாம். போன வருஷம் ஒரு பெண் மட்டும் உண்மையான தேதியைச் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து நின்றாளாம்.

"துணி?"

"வெட்டிக்கூட வைக்கலை. கடையில உக்காந்து அழுதா. அதுதான் உண்மையான தேதின்னா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கணும்ல?"

"அவ சொன்னாளே!" என்று மிளகாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தான். அம்மண ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்று சும்மாவா சொன்னார்கள் என்றான். அந்த அழுத பெண்ணைப் பற்றி அவனுக்கு இன்னும் கோபம்தான் இருந்தது, இரக்கம் வரவில்லை. மிளகாய் கூடப்பிறந்தவனைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த கத்தரிக்கோலையும் பார்த்தாள், சாப்பிடாமல் மாடி ஏறிவிட்டாள்.

தேதி தவறியது. தவறத்தான் செய்யும். மூன்று வாரம் முடிந்தபோது பெரியக்கா பாதிக்கும் கொஞ்சம் அதிகமாகவே முடித்திருந்தார், அவர் சொன்ன கணக்கின்படி பார்த்தால் முன்னாலேயே இருந்தார். அதை யார் பார்த்தார்கள்? மருத்துவமனையின் நிர்வாக டாக்டர் காரசாரமாக எழுதியிருந்தார். கேடயம் வாங்கின டீமுக்கு முதல் கறுப்புப் புள்ளி. கத்திரி மிளகாயைக் கூப்பிட்டு ஒரு தாளை மேசை மேல் நகர்த்தினார். பெரியக்காவின் ப்ரொபேஷன் மதிப்பீடு. தேறவில்லை என்று ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. லீடின் கையெழுத்து மட்டும் பாக்கி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மிளகாய் அந்தத் தாளைத் தொடவில்லை.

"சார், அவங்க ஆறு வாரம்னு சொன்னாங்க. ஆறு வாரத்துல முடிச்சுடுவாங்க. தேதி தப்புனது அவங்களால இல்லை."

"அப்போ யாரால?"

"நம்மால. நாங்க எல்லாரும் ரெண்டு மடங்கா சொல்றோம். நீங்க பாதியா வெட்டறீங்க. அவங்களுக்கு அது தெரியாது. உண்மையைச் சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். வருஷக்கணக்காக மூடிவைத்தது உடைந்துவிட்டது, இனி இடி விழும், டீம் மொத்தமும் நாறும் என்று நினைத்தாள். கத்திரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு மடங்கா சொல்றது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றார். "அதனாலதானேம்மா வெட்டறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரோ அந்தப் பூசணிக்காய் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தெரிஞ்சேவா அவங்க எண்ணையும் வெட்டினீங்க?"

"அவங்க ஒருத்தர் மட்டும் உண்மை சொல்லுவாங்கன்னு நான் எப்படிக் கண்டேன்? எல்லாரும் ஒரு மாதிரி பேசற இடத்துல ஒருத்தர் வேற மாதிரி பேசினா தப்பு யார் மேல? நீங்களே சொல்லுங்க."

அண்ணன் பேசினதேதான். கையில் கத்தரிக்கோல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மிளகாய்க்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆனால் அவள் குரல் உயரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் ஆபத்தான அறிகுறி. பெரியக்காவைத் தேறவில்லை என்று அனுப்பினால், தானே போய் நிர்வாக டாக்டரைப் பார்த்து, தேதி ஏன் தவறியது, இந்த அலுவலகத்தில் தேதிகள் எப்படிப் பிறக்கின்றன என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். அப்புறம் அந்தக் கேடயத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டு வருகிறேன், கண் நன்றாகத் தெரிகிறதா என்று பார்க்க உதவும் என்றாள்.

கத்திரி அவளைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே தெரிந்த கேடயத்தைப் பார்த்தார். தாளை இழுத்துக்கொண்டார். இன்னும் மூன்று மாதம் ப்ரொபேஷன் நீட்டிப்பு என்று எழுதினார். அதையாவது பாதியாக வெட்டாமல் எழுதினாரே.

"இன்னும் ஒரு தேதி தவறிச்சுன்னா அப்புறம் நீங்க வந்தாலும் நான் கேக்கமாட்டேன். அவங்களுக்கு நம்ம வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துடுங்க" என்றார்.

"அதை நான் சொல்லித்தரமாட்டேன் சார்" என்றுவிட்டு மிளகாய் வெளியே வந்தாள்.

சொன்னபடி ஆறு வாரத்தில் பெரியக்கா வேலையை முடித்தார். கல்பொறுக்கி கல் தேடித் தேடிக் களைத்துப்போனாள். இரண்டே இரண்டு கிடைத்தன, அதுவும் சின்னது. இதுவரைக்கும் இவ்வளவு சுத்தமாக எதையும் பார்த்ததில்லை என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். கேக் வரவில்லை. தேதி தவறிய வேலைக்குக் கேக் கிடையாது.

அடுத்த வேலையும் அதே மருத்துவமனைக்குத்தான், மருந்துக் கிடங்குக்கான மென்பொருள். கணக்குச் சொல்லும் மீட்டிங்குக்கு முந்தின நாள் மிளகாய் டீமைக் கூட்டி உட்காரவைத்தாள். கத்திரிக்கு எல்லாம் தெரியும் என்பதைச் சொன்னாள். இத்தனை வருஷமாக நாம் அவரை ஏமாற்றவில்லை, அவரோடு சேர்ந்து கிளையண்டுக்கும் நமக்கும் நாடகம் போட்டிருக்கிறோம் என்றாள். நாளைக்கு ஒவ்வொருவரும் உண்மையான எண்ணைச் சொல்ல வேண்டும், வெட்டினால் ஒப்புக்கொள்ளக் கூடாது, ஒருத்தர் சொன்னால் பைத்தியம், நாலு பேரும் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று கேட்டாள். ஒவ்வொருவரிடமும் உண்மையான எண்ணை அங்கேயே கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளை நாலு வாரம் என்றான். கல்பொறுக்கி டெஸ்டுக்கு மூன்று என்றாள். பெரியக்கா பகுதிதான் பெரியது, எட்டு. மிளகாயின் பகுதி ஐந்து. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ரொம்ப நாளாக எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது என்று மாப்பிள்ளை உருகினான். பெரியக்கா தலையை மட்டும் ஆட்டினார். எப்போதும் உண்மை சொல்கிறவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று மிளகாய் நினைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கீழே கடையில் அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூட மாடி ஏறினாள்.

மறுநாள் கத்திரி பேனா மூடியைத் திறந்தார். முதலில் மாப்பிள்ளை. அவன் மேசையைப் பார்த்தபடி, "எட்டு வாரம் சார்" என்றான். பலகையில் நாலு விழுந்தது. மிளகாய் அவனை முறைத்தாள். அவன் நிமிரவில்லை. அடுத்து கல்பொறுக்கி. அவளாவது சொல்லிவிடுவாள், ஊரார் தப்பையெல்லாம் சுட்டிக்காட்டிச் சாப்பிடுகிறவள் அவள். ஆறு என்றாள். பலகையில் மூன்று. நேற்று ஆட்டின தலைகளையெல்லாம் பிடித்து ஒன்றோடொன்று முட்டவேண்டும் போல மிளகாய்க்கு வந்தது. அண்ணன் சொன்ன கோவணத்தை ஊருக்கு முன்னால் அவிழ்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். இவளை முதுகில் குத்தினதுகூடப் பரவாயில்லை, குனிந்துகொண்டே குத்தினார்கள்.

"நீங்கம்மா?" என்றார் கத்திரி.

"அஞ்சு வாரம் சார். அஞ்சுன்னா அஞ்சு. வெட்டாதீங்க."

அவர் இரண்டரை என்று எழுதினார். அது முடியாது, நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று மிளகாய் சொன்னாள். அப்புறம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார், பிடிவாதக் குழந்தையிடம் பேசுகிற குரலில். அந்தக் குரலுக்காகவே மேசையைக் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்காததற்குக் காரணம் ஒன்றுதான். இன்னும் ஒரு எண் பாக்கி இருந்தது. எட்டு. அதைப் பெரியக்கா சொல்வார், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அப்போது இரண்டு பேர் ஆகிவிடுவோம். இரண்டு பேர் சேர்ந்து எழுந்து நின்றால் அது வேறு விஷயம்.

கத்திரி பேனாவைப் பெரியக்கா பக்கம் நீட்டினார்.

"பதினாறு வாரம் சார்" என்றார் பெரியக்கா.

குரல் தடுமாறவில்லை. கண்ணும் தாழவில்லை. நேற்றே மனப்பாடம் செய்துகொண்டு வந்தது தெரிந்தது. கத்திரி எட்டு என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். மிளகாயைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார், அவள்தான் சொல்லிக் கொடுத்தாள் என்று நினைத்து.

மிளகாய் பலகையைப் பார்த்தாள். நாலு, மூன்று, எட்டு. நேற்று அவள் கேட்டு வாங்கின எண்களேதான், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அந்தப் பலகையில் தப்பாக இருந்த ஒரே எண் அவளுடைய இரண்டரை. சொன்ன தேதியில் எல்லாரும் முடிப்பார்கள், அவள் முடிக்கமாட்டாள். பெரியக்காவுக்கு மூன்று மாதம் நல்லபடியாகப் போகும். நாத்தனாரின் வாய் மூடிக்கொள்ளும். எதற்காக மிளகாய் கண்ணாடி அறையில் சண்டை போட்டாளோ அது கிடைத்துவிட்டது.

மீட்டிங் கலைந்தது. மாப்பிள்ளையும் கல்பொறுக்கியும் இவள் கையில் அகப்படாமல் முதல் ஆளாக நழுவினார்கள். பெரியக்கா மட்டும் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். தேர்வு எழுதிவிட்டு விடை சரிபார்க்க வருகிற பிள்ளை முகம்.

"நீ கோபப்படுவேன்னு தெரியும்மா" என்றார் மெல்ல. "எனக்கு இன்னொரு தடவை தவறக் கூடாது. இப்போ சரியாச் சொன்னேனா?"

மீட்டிங் முழுக்கத் திட்டுவதற்காக மிளகாய் வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு உரியது இருந்தது, கல்பொறுக்கிக்கு உரியது இருந்தது, கத்திரிக்கென்று தனியாக ஒரு மண்டகப்படியே இருந்தது. இவருக்கென்று ஒன்றும் இல்லை. அன்றைக்கு இவர் மேசைக்குப் போய் எல்லார் முன்னாலும் கத்தினது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது, கீபோர்டு மேல் எடுக்காமல் வைத்திருந்த அந்தக் கையும்.

"சரியாத்தான் சொன்னீங்கக்கா" என்றாள்.

பெரியக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் தோளைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.